மூன்று நகலிலும் டிக்

நகலைத் திருத்திவிட்டு அசலைத் திட்டக்கூடாது. இந்த வாக்கியத்தை நான் அலுவலகத்தில் சொல்லாத மாதம் கிடையாது. இதைச் சொல்லும்போது என் முகத்தில் ஒரு பெருமிதம் வருமாம். எதிர் மேசை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

காளவாசலில் ஒரு பேக்கரிக்கு மேலே, முதல் மாடியில் எங்கள் கம்பெனி. மொத்தம் ஆறு பேர். காலை பத்து மணிக்குப் பப்ஸ் வாசம் ஏறி வரும், பதினொரு மணிக்கு ஹாரன் சத்தம் ஏறி வரும், இரண்டுக்கும் நடுவில் நாங்கள் வேலை பார்க்க வேண்டும். தோட்டத்து மோட்டாரை வீட்டில் உட்கார்ந்தபடியே செல்போனில் போட்டு நிறுத்தும் பெட்டிகளைச் செய்கிறோம். பெட்டிக்குள் இருக்கும் சில்லுக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சி மொழியில் எழுதி வைப்பது நானும் அந்த அக்காவும். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். பொறுமையில் நாற்பது வயது மூத்தவர். என் வாய் கொஞ்சம் நீளம்.

போன வருடம் ஆவணி பிறந்த வாரத்தில் எங்கள் புதுப் பெட்டி ஒன்று வம்பு செய்தது. தண்ணீர் பாய வேண்டிய நேரத்தை மாற்றிச் செய்தி அனுப்பினால், பெட்டி உடனே ‘சரி’ என்று மரியாதையாகப் பதில் அனுப்பும். மறுநாள் பழைய நேரத்துக்கே மோட்டாரைப் போடும். மறுபடி மாற்றினால் மறுபடியும் ‘சரி’. மறுநாளும் பழைய நேரம்தான்.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருக்கிறார். எங்கள் பெட்டி எது புதிதாக வந்தாலும் முதலில் அவருடைய வெற்றிலைத் தோட்டத்தில்தான் மாட்டிப் பார்ப்போம். தண்ணீர் ஒரு வேளை தப்பினாலும் வெற்றிலைக் கொடி காட்டிக்கொடுத்துவிடும். மாமா காட்டிக்கொடுக்க மாட்டார். போனில் கூப்பிட்டு, “பாப்பா, பொட்டி எல்லாத்துக்கும் சரிங்குது, எதையும் செய்ய மாட்டேங்குது, நம்ம பஞ்சாயத்து ஆபீசுல வேல பாத்த பொட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

தவறு அக்கா எழுதிய ஒரு ஃபங்ஷனில் இருந்தது. சி தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய வேலையைச் சின்னச் சின்ன வேலையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் போடுவது மாதிரிதான் ஃபங்ஷன். அந்த ஆளிடம் ஒரு மதிப்பைக் கொடுத்து ‘இதை மாற்றிக்கொண்டு வா’ என்றால், சி மொழி அசலைக் கொடுக்காது. ஒரு நகல் எடுத்து அதைத்தான் கொடுக்கும். அந்த ஆள் நகலில் அடிப்பார், திருத்துவார், எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் போனதும் நகலும் குப்பைக்குப் போய்விடும். அசல் போட்டது போட்டபடி இருக்கும். அசலே மாற வேண்டும் என்றால், மதிப்பைக் கொடுக்காமல் அது இருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுக்க வேண்டும். அந்த முகவரியைத்தான் பாயிண்டர் என்கிறோம். ஆள் முகவரியைப் பிடித்துக்கொண்டு நேரே அந்த இடத்துக்குப் போய் அசலில் கை வைப்பார். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதான் புரியாமல் கல்லூரியில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அரியர் வைத்தார்கள்.

அக்கா நேரத்தை நகலாகக் கொடுத்திருந்தார். ஃபங்ஷன் நகலில் புது நேரத்தை எழுதி, ‘சரி’ என்று பதில் அனுப்பிவிட்டு, நகலோடு போய்ச் சேர்ந்துவிட்டது. திருத்த வேண்டியது இரண்டே குறிகள். கொடுக்கும் இடத்தில் ஒரு &, வாங்கும் இடத்தில் ஒரு நட்சத்திரம். முதல் குறிக்கு ‘முகவரி’ என்று பொருள். இரண்டு நிமிட வேலை. ஆனால் நான் அரை மணி நேரம் பேசினேன். பலகையில் படம் போட்டேன். அசல் ஒரு பெட்டி, நகல் ஒரு பெட்டி, நடுவில் அம்புக்குறி. கடைசியில் அந்த வாக்கியத்தையும் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டுவிட்டு, காபி ஆறுகிறது என்றார்.

அதே வாரத்தில்தான் வீட்டில் தங்கையின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது.

எங்கள் பக்கத்தில் பத்திரிகை கொடுப்பது என்று சொல்ல மாட்டோம், வைப்பது என்போம். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து போக வேண்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, குங்குமம், பத்திரிகை. வீட்டில் இருப்பவர்களை நிற்க வைத்து, தட்டை நீட்டி, வாயால் அழைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்திரிகை படம் பார்ப்பதற்குத்தான், அதை நம்பி யாரும் பட்டுச்சேலையை வெளியே எடுக்க மாட்டார்கள். நண்பர்களுக்கும் கூட வேலை பார்த்தவர்களுக்கும் இவ்வளவு கிடையாது. கையில் கொடுத்தால் போதும்.

குலசாமிக்கு வைத்த பிறகு முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. மேடையில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுகிறவர் அவர்தான். எங்கள் வீட்டில் இது இன்னும் கொஞ்சம் கனமான விஷயம், ஏனென்றால் அம்மா இல்லை. இறந்து ஆறு வருடம் ஆகிறது. அம்மாவோடு பிறந்தவர் மாமா ஒருவர்தான்.

அம்மா போனதிலிருந்து அப்பா எந்த விசேஷத்திலும் தட்டைத் தொடுவதில்லை. தொடாதே என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவராகவே ஒதுங்கிக்கொண்டார். தட்டை எடுக்கும் நேரம் வந்தால் வெளியே போய்ச் செருப்பை ஒழுங்காக அடுக்குவார், அல்லது மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன் என்பார். எங்கள் வீட்டுத் தொட்டி நிறைந்து வழிந்த நாட்களை எண்ணினால் எத்தனை விசேஷம் நடந்தது என்று சொல்லிவிடலாம்.

அதனால் இப்படி முடிவானது. நண்பர்களுக்கு அப்பா. சொந்தக்காரர்களுக்குச் சித்தப்பாவும் சித்தியும் ஒரு ஜோடி, நானும் என் கணவரும் இன்னொரு ஜோடி. அழைக்க வேண்டியவர்களின் பட்டியலை அப்பா ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டு எழுதிப் பழகியவர் என்பதால், உட்கார்ந்து எழுதினால் அவர் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். நூற்றெண்பத்தேழு வீடு. பெயர், ஊர், பக்கத்தில் அவருக்கே உரிய குறிப்புகள். ‘மூத்தவருக்குக் காது கேட்காது, உரக்கச் சொல்லணும்.’ ‘நாய் உண்டு.’ ‘சாப்பிடச் சொல்வார்கள், சாப்பிட்டுவிட்டுப் போனால் நல்லது.’

கம்ப்யூட்டர் படித்தவள் நான் இருக்கும்போது நோட்டா என்று, உட்கார்ந்து தட்டச்சு செய்தேன். குறிப்புகளை விட்டுவிட்டேன். பெயர், ஊர், டிக் அடிக்க ஒரு கட்டம். அழகான மூன்று பக்கம். பேக்கரிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் மூன்று நகல் எடுத்து, ஓரத்தில் பின் அடித்து, அப்பாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அசல் நோட்டு ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. அதன் மேல் ஒரு தேங்காய் ஏறியது. பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை.

எந்த ஊர் யாருக்கு என்றும் பிரிக்கவில்லை. போகிற வழியில் இருக்கிற வீட்டைத் தாண்டிப் போகக்கூடாது, யார் அந்தப் பக்கம் போனாலும் வைத்துவிட்டு டிக் அடித்துக்கொள்ளுங்கள் என்று அப்பா சொன்னார். நல்ல ஏற்பாடு என்று நானும் தலையாட்டினேன். அதே வாரத்தில் நகலையும் அசலையும் பற்றி அரை மணி நேரம் வகுப்பு எடுத்த அதே தலை.

மூன்று பேரும் மும்முரமாகச் சுற்றினோம். சாயங்காலமானால் அவரவர் தாளில் டிக் விழும். என் கணவருக்கு மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை, நாள் முழுக்க டாக்டர்கள் வீட்டு வாசலில் நிற்பவர். வார இறுதியில் சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் நின்றார். ஏழாவது வீட்டுக் காபிக்குப் பிறகு, இவர்களில் ஒருவராவது டீ போடக் கூடாதா என்று காதுக்குள் கேட்டார்.

இப்போது முதல் வரிக்கு வருகிறேன். பட்டியலில் முதல் பெயர் மாமா. சோழவந்தான்.

மாமாவுக்கு அப்பாவே போவார் என்று எனக்குத் தெரியும். தட்டைத் தூக்கச் சித்தியை அழைத்துக்கொள்வார் என்று நானே முடிவு செய்து, என் தாளில் முதல் நாளே டிக் அடித்துவிட்டேன். சித்தப்பா என்ன நினைத்தார் என்றால், மூத்த மகளும் மருமகனும் வைப்பதுதான் தாய்மாமனுக்கு மரியாதை, அதுவும் நான் பெட்டி மாட்ட அடிக்கடி சோழவந்தான் போகிறவள், முதல் வேலையாக வைத்திருப்பேன் என்று. அவர் தாளிலும் டிக். அப்பா, தட்டோடு போக வேண்டிய வீடு, தம்பியும் தம்பி மனைவியும் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் தாளில் ஒரு டிக். அச்சடித்தது மாதிரி அழகான டிக்.

இதைவிடப் பெரிய கூத்து, கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நான் சோழவந்தான் போய் வந்ததுதான். பெட்டியில் திருத்திய நிரலை ஏற்றப் போனேன். மாமா வீட்டில் இட்லி சாப்பிட்டேன். பட்டம் எங்கே வாங்கினால் நன்றாக இருக்கும் என்று அத்தையிடம் ஆலோசனை சொன்னேன். கிளம்பும்போது, “மாமா, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துருங்க” என்றும் சொன்னேன். மாமா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வாரோம் பாப்பா” என்றார். அத்தை வாசல் வரை வரவில்லை. அடுப்பில் ஏதோ இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு இருக்கும் மூளைக்கு அதற்கு மேல் ஓடவில்லை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மதியம், அலுவலகத்தில் இருந்தேன். சோழவந்தானிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் போன் செய்தார். அவர் அப்பாவுக்கு நண்பர், சித்திக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா, எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். ஆகவே அவருக்கு மூன்று பத்திரிகை போயிருந்தது. மூன்று தடவையும் எதுவும் சொல்லாமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். வாத்தியார் இல்லையா, தவறு முழுவதும் முடியட்டும் என்று காத்திருந்திருப்பார்.

“ஏம்மா, எங்கிட்ட மூணு இருக்கு. நேத்து ஒங்க மாமனப் பாத்தேன், பத்திரிகை எப்படி இருக்குன்னு கேட்டேன், இன்னும் பாக்கலைன்னார். அதான் எங்கிட்ட உபரியா இருந்ததுல ஒண்ண எடுத்துக் காமிச்சேன். நல்லா அச்சடிச்சிருக்காங்கன்னு சொல்லித் திருப்பிக் குடுத்துட்டார்” என்றார்.

போனை வைத்துவிட்டு, எதிரே இருந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நகல் எடுத்தது, மூன்று பேர் டிக் அடித்தது, அசல் தேங்காய்க்கு அடியில் இருப்பது. அக்கா ஒரு சின்ன மஞ்சள் தாளை எடுத்து, அதில் பெரிதாக ஒரு & போட்டு, என் மேசையில் ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். எனக்கு வேண்டியதுதான்.

சாயங்காலம், அப்பாவும் சித்தப்பாவும் வெளியே போயிருந்த நேரத்தில், மூன்று தாள்களையும் எடுத்து வந்து அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்தேன். மூன்றிலும் முதல் வரியில் டிக். என்னுடையது சாய்ந்த டிக், சித்தப்பாவுடையது வால் நீண்ட டிக், அப்பாவுடையது அச்சு டிக். எங்கள் பெட்டி அனுப்பிய ‘சரி’ மாதிரியே மூன்று ‘சரி’. என் கணவர் தாள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு நல்லவேளையாக மூடிக்கொண்டார்.

தங்கை அறையிலிருந்து வந்து மேசையைப் பார்த்தாள். கல்யாணப் பெண் என்பதால் ஒரு வாரமாக அவளை யாரும் அழ வைக்கவில்லை, நாங்கள் அந்த வேலையையும் முடித்தோம். “அம்மா பக்கத்துல இருந்து மேடைக்கு வர ஒருத்தர்தான் இருக்கார். அவரையும் விட்டுட்டீங்களா?” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். சித்தப்பா, கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அப்பாவும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இருவரிடமும் நானும் அதையே சொன்னேன். இவ்வளவு பட்ட பிறகாவது, யார் போகிறோம் என்று ஒரு வார்த்தை பேசி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

மறுநாள் காலை நானும் கணவரும் பரவை, சமயநல்லூர் வழியாக வண்டியை விட்டோம். பரவை மார்க்கெட் பக்கம் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் கால் மணி நேரம் நின்றோம். மடியில் தட்டு, தட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நான் நான்காவது முறை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் கணவர், சோழவந்தான்காரருக்குக் காளவாசலில் வெற்றிலை வாங்கிக்கொண்டு போகிறோம், அது பரவாயில்லையா என்று கேட்டார். அதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. திரும்பிப் போகவும் நேரமில்லை.

வீட்டு வாசலில் அத்தை நின்றார். வாங்க என்றார். தண்ணீர் கொடுத்தார். காபி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. மாமா கொடிக்காலில் இருக்கிறார், அங்கேயே போய்ப் பாருங்கள் என்று கையைக் காட்டினார். வழியில் கணவர் மெதுவாக, காபி கேக்கல, நிலைமை மோசம்தான் என்றார்.

கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுப் போகக்கூடாது. எல்லையில் கழற்றிவிட வேண்டும். அங்கே மாமாவுடையது போக ஏற்கெனவே இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. சித்தியின் செருப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே அகத்தி மரங்களுக்கு நடுவில் சித்தப்பா கைகட்டி நிற்கிறார், சித்தி தட்டோடு நிற்கிறார். மேலக்கால் ரோட்டில் குறுக்கே வந்து எங்களுக்கு முன்னால் சேர்ந்துவிட்டார்கள். இருந்த பயத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. முகவரியை எத்தனை நகல் எடுத்து எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் எல்லோரும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

மாமா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. இலை கிள்ளிக்கொண்டிருந்தார். வலது கை கிள்ளும், இடது கை அடுக்கும், இரண்டும் நிற்கவே இல்லை. சித்தப்பா நடந்ததை விளக்கிக்கொண்டிருந்தார். அவர் விளக்கத் தொடங்கினால் சுருக்கத்தில் முடியாது. இரண்டு தட்டுகளும் நீண்டபடியே இருந்தன. மாமாவின் கை நிறைய இலை, எதை வாங்குவார். நான் பக்கத்தில் போய், தப்பு என்னுடையதுதான் மாமா, நான்தான் பட்டியல் போட்டேன் என்றேன்.

“ஒம் பொட்டி மாதிரியேதான் பாப்பா நீயும்” என்றார். “சரி சரின்னு பதிலு வரும். தண்ணி வராது.”

அவர் கிள்ளிய இலைகளை ஒரு ஈரச் சாக்கின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“பத்திரிகை வைக்கலைன்னா வராம இருந்துருப்பேனா? எங்கக்கா மக கல்யாணம், வந்துருப்பேன். வந்து எங்கன நிக்கிறதுன்னு தெரியாம நின்னுருப்பேன். அதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், இம்புட்டு நாளா.”

அப்போதுதான் மாமா எங்களைத் தாண்டிக் கொடிக்காலின் எல்லையைப் பார்த்தார். நாங்களும் திரும்பினோம். அப்பா நின்றுகொண்டிருந்தார். பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டிலிருந்து நடந்து வந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் தட்டு இல்லை, ஒரு துணிப்பை மட்டும். செருப்பைக் கழற்றியிருந்தார். வெறுங்காலோடு எல்லைக்கு வெளியேதான் நின்றார்.

மாமா கையைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்து நடந்தார்.

“மச்சான், ஏன் அங்கனயே நிக்கிறீங்க?”

“தட்டு எடுத்துட்டு வரல மாப்ள. அவங்க வைக்கட்டும். நான் சும்மா ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“நீங்க ஏன் எடுத்துட்டு வரல?”

“நான் தொட்டுக் குடுக்கக் கூடாதுல்ல.”

“யாரு சொன்னா?”

உண்மையில் யாரும் சொல்லியிருக்கவில்லை. வேண்டாம் என்று நாங்களும் சொன்னதில்லை, வாருங்கள் என்றும் ஆறு வருடமாகச் சொன்னதில்லை. அவர் செருப்பை அடுக்கப் போகும்போது எங்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

மாமா பக்கத்துக் கொடியில் கையை விட்டார். தேடி இரண்டு இலை கிள்ளினார், ஓட்டை இல்லாத, நுனி கருகாத இலை. வேட்டியில் துடைத்து அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார்.

“அக்கா இருந்தா நீங்க ரெண்டு பேருமாத்தான் வந்துருப்பீங்க. இப்ப நீங்க வந்தாத்தான் மச்சான் அவளும் வந்த மாதிரி. இவுக எத்தன தட்டு கொண்டாந்தாலும் அது ஆகாது. குடுங்க.”

அப்பா துணிப்பைக்குள் கை விட்டார். முதலில் நீள நோட்டு வந்தது. ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்து வந்திருக்கிறார். அதற்குள்ளிருந்து பத்திரிகை வந்தது. மாமாவின் கொடியில் கிள்ளிய மாமாவின் வெற்றிலையைப் பத்திரிகை மேல் வைத்து, இரண்டு கையாலும் மாமாவிடமே நீட்டினார்.

“ஒங்க மருமகளுக்குக் கல்யாணம் மாப்ள. முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்.”

“வாரோம் மச்சான்” என்றார் மாமா. இரண்டு வாரத்துக்கு முன்னால் என்னிடம் சொன்ன அதே வார்த்தைதான், ஆனால் இந்தத் தடவை சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எங்கள் இரண்டு தட்டையும் எட்டிப் பார்த்து, இந்த வெற்றிலையை எங்கே வாங்கினீர்கள், ஆட்டுக்குப் போடலாம் என்று கேலி செய்தார். அத்தை வரப்பில் ஒரு தூக்குச் சட்டியில் காபி கொண்டு வந்தார். என் கணவர் முதல் டம்ளரை வாங்கி, டீ என்று முணுமுணுக்காமல் குடித்தார்.

அப்பா வரப்பில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். என்னிடம் பேனா கேட்டார். அசலில் டிக் அடிக்கப் போகிறார் என்று புரிந்தது. பேனாவைக் கொடுக்கக் குனிந்தபோது அந்த முதல் வரியை மறுபடியும் பார்த்தேன். தட்டச்சு செய்த நாளில் பார்த்ததுதான். பெயர், ஊர், பக்கத்தில் அப்பாவின் குறிப்பு. ‘அவள் வீடு. நானே போகணும்.’

அப்பாவே போவார் என்று எனக்குத் தெரிந்தது அதைப் படித்துத்தான். தெரிந்ததுதானே என்று மற்றக் குறிப்புகளோடு அதையும் விட்டுவிட்டிருந்தேன்.

“இது அச்சடிச்ச தாள்ல இல்லையேம்மா” என்றார் அப்பா, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் போக வேண்டாம்னு நீதான் எடுத்துட்ட போலன்னு நெனச்சேன்.”

அவர் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்தேன். இல்லை அப்பா என்றேன். அவர் முதல் வரியில் டிக் அடித்து, மை காய ஊதிவிட்டு, நோட்டை என் கையில் கொடுத்தார்.